மூச்சு 20, மூச்சு 20, மூச்சு 20: எண்ணித்தான் எழுதுகிறோமா?

செவ்வந்தி:

எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பாதி மெடிக்கல் வார்டிலும் பாதி கேஷுவாலிட்டியிலும் போயிற்று. நைட் ட்யூட்டி முடித்து வந்து, குளித்துச் சாப்பிட்டும் தூக்கம் வரவில்லை. மனதில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

நேற்று இரவு ஹேண்ட் ஓவர் வாங்கும்போது வைட்டல்ஸ் சார்ட்டைப் புரட்டினேன். வார்டில் 32 பேர். பிபி ஆளுக்கு ஒரு மாதிரி, நாடி ஆளுக்கு ஒரு மாதிரி. மூச்சு மட்டும் 32 பேருக்கும் 20. காலையிலும் 20, மதியமும் 20, மாலையிலும் 20.

14வது பெட்டில் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டில் இரண்டு இட்லி அப்படியே இருந்தது. "சாப்பிடலையாம்மா?" என்றேன். "மெல்லுறதுக்கு... மூச்சு... பத்தலை" என்றார். அந்த மூன்று சொல்லுக்கு இரண்டு முறை நிறுத்தினார். சார்ட்டில் அவருக்கும் 20தான். நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணினேன். 36.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் பார்க்கும் சாச்சுரேஷன் 95 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் நிம்மதியாகப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த 95 வந்தது மாஸ்கில் ஆறு லிட்டர் ஆக்சிஜன் ஓடியதால்.

யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. நானே இதைவிடப் பெரிய தவறு செய்தவள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஓர் ஆஸ்துமா பையன் வந்தான். கேஷுவாலிட்டிக்குள் நுழையும்போதே அவன் இளைப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது. மருந்தை ஆவியாக இழுக்கவைக்கும் நெபு (நெபுலைசர்) இரண்டு போட்டேன். சத்தம் அடங்கிவிட்டது. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "வீசிங் குறைஞ்சிடுச்சும்மா, தூங்கட்டும்" என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டேன். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முகம் மாறியது. நெஞ்சில் எந்தப் பக்கமும் காற்றே போகவில்லை. சத்தம் அடங்கியது குணமானதால் இல்லை, சத்தம் போடும் அளவுக்குக்கூடக் காற்று நகராததால். மூச்சுக்குழாயில் டியூப் போட்டார்கள். பதினொரு நாள் ஐசியூவில் இருந்து பிழைத்துப் போனான். அந்த அம்மாவிடம் நான் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் நிற்கிறது.

பிபிக்கு மெஷின் இருக்கிறது, நாடிக்கு மானிட்டர் இருக்கிறது. வார்டில் மூச்சை எண்ண நம் கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. உடம்பு கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் அந்த எண்தான். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். குறிப்பாக, மூச்சுத்திணறலோடு வருபவரைப் பார்த்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று.

ஐசியூ பிரதர்:

சிஸ்டர், உங்கள் 14வது பெட்டை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோயாளி மோசமாகிறாரா என்று வைட்டல்ஸை வைத்துக் கணக்கிட நியூஸ்2 என்று ஒரு ஸ்கோர் உண்டு. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் முதல் வடிவத்தையும் 2017இல் இரண்டாம் வடிவத்தையும் கொண்டுவந்தது. அதில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 25ஐத் தொட்டால் நேராக 3. நாடி 110ஐத் தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், அதற்கு 2. ஆக்சிஜனில் இருப்பதற்கு 2. சாச்சுரேஷன் 95க்கு 1. சார்ட்டில் இருந்த 20ஐ வைத்துக் கூட்டினால் 5. நீங்கள் எண்ணிய 36ஐ வைத்தால் 8. ஏழைத் தொட்டாலே அவசர டீமைக் கூப்பிட வேண்டும் என்பது அந்த ஸ்கோரின் விதி. ஒரே ஆள், ஒரே நேரம். எண்ணியதற்கும் எண்ணாததற்கும் மூன்று புள்ளி வித்தியாசம்.

சாச்சுரேஷன் ஏன் ஏமாற்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100இலிருந்து 60க்கு இறங்கும்வரை சாச்சுரேஷன் 98இலிருந்து 90க்குத்தான் வரும். மேட்டுநிலம் மாதிரி அது. 90க்குக் கீழே போனால் சரிவு. அங்கே நின்று யோசிக்க நேரம் இருக்காது. அப்புறம் இன்னொன்று: ஆக்சிஜன் ஓடும்போது சாச்சுரேஷன் நன்றாக இருந்தாலும், கார்பன் டை ஆக்சைடு உள்ளே சேர்ந்துகொண்டே போகலாம். விரலில் மாட்டும் கருவிக்கு அது தெரியாது. ஏபிஜி, அதாவது தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை, எடுத்தால்தான் தெரியும்.

ஆஸ்துமாவில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வேகமாக மூச்சுவிடுபவருக்குக் கார்பன் டை ஆக்சைடு 35க்குக் கீழே இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 42 என்று வந்தால் "நார்மல்" என்று கோப்பில் செருகிவிடாதீர்கள். அவர் களைத்துப்போகிறார் என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

விரல் கருவியைக் குறை சொல்வதற்காக இல்லை இது. ஜப்பானில் டக்குவோ அயோயாகி 1974இல் அதன் தத்துவத்தைச் சொன்ன பிறகுதான் ரத்தம் எடுக்காமல் ஆக்சிஜனைப் பார்ப்பது எளிதாயிற்று. எத்தனை உயிர் அதனால் பிழைத்திருக்கும். ஆனால் விரல் ஜில்லிட்டிருந்தால், பிபி இறங்கியிருந்தால், நகப்பூச்சோ கறுப்பு மருதாணியோ இருந்தால் எண்ணை நம்புவதற்கு முன் திரையில் நாடி அலை ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு விரல், இல்லையென்றால் காது மடல். தீ விபத்தில் புகை குடித்தவருக்கு 99 காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணும்.

இரண்டாம் வருட மாணவி:

அக்கா, பிராக்டிக்கலில் எங்களுக்குப் பார்த்தல், தொட்டுப் பார்த்தல், தட்டிப் பார்த்தல், கேட்டல் என்று வரிசையாகச் சொல்லித் தருகிறார்கள். போன வாரம் ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்தார். எதிலிருந்து தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆக்சிஜனை வைப்பதா, டாக்டரைக் கூப்பிடுவதா, ஹிஸ்டரி கேட்பதா? அப்படியே நின்றுவிட்டேன். மேடம் திட்டினார்கள்.

செவ்வந்தி:

நிற்பது தப்பில்லைம்மா. பத்து விநாடி நின்று பார். ஆனால் பார்த்துக்கொண்டு நில்.

ட்ராலியில் வரும்போதே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. உட்கார்ந்து வருகிறாரா, படுத்து வருகிறாரா? மூச்சுத்திணறலில் ஒருவர் தானாகவே மல்லாந்து படுத்துக் கிடக்கிறார் என்றால் அது நல்ல செய்தி இல்லை. உட்காரக்கூடத் தெம்பில்லை என்று பொருள். பெயரைக் கேள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இரண்டு மூன்று சொல்லோடு நின்றால் நேரம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினால் அங்கிருந்தே சத்தம் போட்டு டாக்டரைக் கூப்பிடு. இந்த ஒரே கேள்வியில் மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு எவ்வளவு இருக்கிறது, நினைவு தெளிவா என்று மூன்றும் தெரிந்துவிடும்.

அப்புறம் கைகள் வேலை செய்யட்டும். தலைமாட்டை உயர்த்து. அவரே வசதியாக ஒரு நிலையில் உட்கார்ந்திருந்தால் அதை மாற்றாதே. எக்ஸ்ரேக்காகவோ, ஈசிஜிக்காகவோ, பெட்ஷீட் மாற்றவோ அவரைப் படுக்க வைக்காதே. நுரையீரலில் நீர் கோத்தவரை ஈசிஜிக்காகப் படுக்க வைத்து, அந்த நிமிடமே நெஞ்சு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தபடியே ஈசிஜி எடுக்கலாம். அவருக்குக் காலைத் தொங்கப்போட்டாலே கொஞ்சம் ஆறுதல்.

ஆக்சிஜன் வை, விரலில் ப்ரோபை மாட்டு, மூச்சை எண்ணு. எண்ணுவதாகச் சொல்லாதே. சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பிடிப்பதுபோல் அவர் கையைப் பிடித்து அவர் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டால் புடவைக்குள்ளும் ஏறி இறங்குவது தெரியும். கழுத்துத் தசை இழுக்கிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, மூச்சு உள்ளே இழுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே போகிறதா? கடைசியாகச் சொன்னது தெரிந்தால் உதரவிதானம் கைவிடுகிறது என்று பொருள்.

கேள்விகளை ஆம், இல்லை என்று தலையாட்டும்படி கேள். "எப்போதிலிருந்து எப்படி ஆரம்பித்தது, சொல்லுங்கள்" என்று அவரிடம் கேட்காதே. அந்தக் கதையை கூட வந்த அட்டெண்டரிடம் கேட்டுக்கொள். "திடீர்னு வந்துச்சா? நெஞ்சு வலிக்குதா? இதுக்கு முன்னாடி வந்திருக்கா? மருந்து ஏதாவது ஊசி போட்டாங்களா?" இவ்வளவு போதும். ஊசி போட்டு அல்லது எதையோ சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கினால் நெபுவைத் தேடாதே. அட்ரினலின் தேவை. பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அலர்ஜி மருந்தான ஏவிலும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனும் அதற்குப் பிறகுதான்.

யாழ் தாதி:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் ஆஸ்துமாவை 'தொய்வு' என்றும் 'முட்டு' என்றும் சொல்லுவினம். "முட்டுப் பிடிச்சிருக்கு" என்று ஒரு முதியவர் விடுதிக்கு வந்தால் அது தொய்வோ, சுருட்டுப் பிடித்துப் பிடித்து நுரையீரல் கெட்டு வந்த சிஓபிடியோ, இதய வருத்தமோ என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. மூன்றும் அவருக்கு முட்டுத்தான்.

சிஓபிடியைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆக்சிஜன் கூடினால் ஆபத்து என்று படிப்பிக்கிறார்கள். அது உண்மை. ஆனால் அந்தப் பயத்தில் உதடு நீலமாக இருப்பவருக்கு ஆக்சிஜன் போடாமல் நிற்பதையும் கண்டிருக்கிறேன். ஆக்சிஜன் குறைவு நிமிடக் கணக்கில் கொல்லும். கார்பன் டை ஆக்சைடு கூடுவது அதைவிட மெதுவாக வரும், பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்கலாம். ஆகவே கொடுக்க வேண்டும், அளந்து கொடுக்க வேண்டும். அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரை. 98 வந்தால் சந்தோஷப்படாமல் குறைக்க வேண்டும். ஆக்சிஜனைச் சதவீதமாக அளந்து கொடுக்கும் வென்சூரி மாஸ்க் இருந்தால் 24 அல்லது 28 சதவீதத்தில் தொடங்கலாம்.

பின்னேரம் நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் இரவு "நல்லா நித்திரை கொள்ளுறார்" என்று வீட்டுக்காரர் சொன்னால் தட்டி எழுப்பிப் பாருங்கள். கை சூடாக, நாடி துள்ளி, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று விழுந்தால் அது நித்திரை இல்லை. அப்போதும் ஆக்சிஜனைச் சட்டென்று கழற்றிவிடக் கூடாது. படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வைத்தியரைக் கூப்பிட்டு ஏபிஜி, தேவையென்றால் மாஸ்க் வென்டிலேஷன்.

நெபுலைசரும் அப்படித்தான். ஆஸ்துமாவுக்கு ஆக்சிஜனில் ஓட்டலாம், 6 முதல் 8 லிட்டர். சிஓபிடிக்குக் காற்றில் ஓட்டி, மூக்கில் சிறிதளவு ஆக்சிஜன் வைத்துக்கொள்ளலாம்.

தாலுகா ஆஸ்பத்திரி:

சகோதரி சொன்னதெல்லாம் சரி. எங்களிடம் வென்சூரி மாஸ்கும் இல்லை, இரவில் ஏபிஜியும் இல்லை. மூக்குக் குழாயும் சாதா மாஸ்கும்தான். பல பேர் இந்த நிலைமையில்தான் இருப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். சிஓபிடிக்கு மூக்குக் குழாயில் 1 லிட்டர், 2 லிட்டர் என்று வைத்துப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். 88ஐத் தொட்டால் அதற்குமேல் கூட்டாமல் அதே ஓட்டத்தில் வைப்போம். சாதா மாஸ்கை 5 லிட்டருக்குக் கீழே ஓட்டவே கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். "ஆக்சிஜன் குறைவாக வைக்கச் சொன்னார்கள்" என்று மாஸ்கில் 2 லிட்டர் ஓடுவதை நான் எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன்.

பை வைத்த மாஸ்க் என்றால் முதலில் வால்வை விரலால் மூடிப் பையை முழுதாக நிரப்பிவிட்டு மாட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது பை சப்பையாக ஒட்டிக்கொண்டால் ஓட்டம் போதவில்லை. 10க்குக் கீழே வைக்காதீர்கள், 15 வரை போகலாம்.

டெல்டா சிஸ்டர்:

நீங்கள் எல்லோரும் மூச்சு கூடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் என்னைப் பயமுறுத்துவது மூச்சு கூடாத கேஸ்கள்.

கட்டுவிரியன் கடி. தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலை வயிற்று வலி என்று வருவார். கடிவாயில் வீக்கம் இருக்காது, பல சமயம் கடித்த தடமே தெரியாது. மூச்சு எண்ணினால் 16 இருக்கும். சாச்சுரேஷன் 97. சார்ட்டில் எல்லாமே அழகாக இருக்கும். ஆனால் கண் இமை பாதி இறங்கியிருக்கும். "மேல பாருங்க" என்றால் நெற்றியைச் சுருக்குவாரே தவிர இமை ஏறாது. பேச்சு மூக்கால் வரும். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது.

இவருக்கு மூச்சுத் தசையே செயலிழந்துகொண்டிருக்கிறது. வேகமாக மூச்சுவிடத் தெம்பு இருந்தால்தானே எண்ணிக்கை கூடும்? இங்கே எண்ணிக்கையைவிட ஆழம்தான் முக்கியம். நான் செய்வது இது: ஒரு மூச்சை நன்றாக இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். நம்மால் முப்பது நாற்பது போக முடியும். அவர் இருபதைத் தொடாவிட்டால் எனக்குக் கவலை. அரை மணிக்கு ஒரு தடவை எண்ணச் சொல்லி எழுதிவைப்பேன். 22, 17, 11 என்று இறங்கிய சார்ட்டோடு டாக்டரைக் கூப்பிட்டால் அவர் தூக்கம் உடனே கலையும். பத்துக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. டியூப் போடுவதற்கான தட்டு அதற்கு முன்பே கட்டிலருகில் இருக்க வேண்டும். நரம்பு பாதித்துத் தசை தளரும் கிலியன் பார்ரே நோயாளிக்கும் இதே முறைதான்.

இவர்களிடம் இன்னொன்று. கை கால் அசையாது, கண் திறக்காது, ஆனால் காது கேட்கும். எல்லாம் புரியும். மூச்சை நாம் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோர் சில நாளில் எழுந்து உட்காருவார்கள். அதனால் பக்கத்தில் நின்று "பொழைக்க மாட்டார்" என்று யாரும் பேசவிடாதீர்கள். என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டே சளி உறிஞ்சும் சக்ஷன் போடுங்கள்.

பூச்சிமருந்து குடித்து வருபவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே சளியும் எச்சிலும்தான் மூச்சை அடைக்கும். துணியைக் கழற்றிக் கழுவுவது, கையுறை, இடதுபக்கம் சாய்த்துப் படுக்க வைப்பது, சக்ஷன். மாற்று மருந்தான அட்ரோபின் போதுமா என்பதற்குக் கண்மணியை மட்டும் பார்க்காமல் நெஞ்சைக் கேளுங்கள். நெஞ்சில் கொரகொரப்பு அடங்க வேண்டும்.

நாற்பதுக்கு ஒருத்தி:

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது படிக்க. நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வார்டில் இரவு நாற்பது பேருக்கு நான் ஒருத்தி. ஆளுக்கு ஒரு நிமிடம் மூச்சு எண்ணினால் நாற்பது நிமிடம். இதற்கு நடுவில் பத்து மணி ஊசி, ட்ரிப் மாற்றுவது, புது அட்மிஷன், பில்லிங் போன். ஒரு நாள் எண்ண நேரமில்லாமல் சார்ட்டில் காலியாக விட்டேன். அடுத்த நாள் மெமோ. அன்றிலிருந்து 20 எழுதுகிறேன். அதில் எனக்கு என்ன பெருமையா? ஆளைப் போடாமல் எங்களை நேர்மையாக இரு என்றால் எப்படி?

செவ்வந்தி:

கோபமே இல்லை. நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். நாற்பது பேருக்கு ஒருவர் என்பது நர்ஸுக்கும் கொடுமை, நோயாளிக்கும் கொடுமை. அதை எழுத்தில் கேட்க வேண்டும், சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆனால் அந்த 20ஐ மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காலியாக இருந்தால் அடுத்து வருபவள் "பார்க்கவில்லை போலிருக்கு" என்று தானே பார்ப்பாள். 20 என்று இருந்தால் பார்த்தாயிற்று என்று நம்பிப் போய்விடுவாள். நேற்றிரவு நான் இன்னும் அரை மணி தாமதமாக 14வது பெட்டுக்குப் போயிருந்தால் அதற்கு அந்த எழுத்துதான் காரணமாக இருந்திருக்கும்.

நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று சொல்கிறேன். நாற்பது பேரையும் ஒரே மாதிரி எண்ண வேண்டியதில்லை. ட்யூட்டி எடுத்ததும் வார்டைச் சுற்றி ஒரு நடை. ஆக்சிஜனில் இருப்பவர், அன்று அட்மிட் ஆனவர், காய்ச்சல் இறங்காதவர், ஆபரேஷன் ஆனவர், "என்னமோ போல இருக்கு" என்று சொன்னவர், அட்டெண்டர் கவலையாக நிற்பவர். இவர்கள் பெரும்பாலும் எட்டுப் பத்துப் பேருக்குள் வருவார்கள். இவர்களுக்கு முழு நிமிடம். மூச்சு ஒழுங்காக ஓடும் மற்றவர்களுக்கு அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் போதும். ட்ரிப் சொட்டு எண்ணும்போதே மூச்சையும் எண்ணிவிடலாம். அங்கேதானே நிற்கிறோம்.

நாற்பதுக்கு ஒருத்தி:

எட்டுப் பேரை எண்ணலாம். மெமோவுக்கு வழி இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

செவ்வந்தி:

என்னிடம் வழி இல்லை. எங்கள் வார்டில் "நோயாளிகள் 32, நர்ஸ் 1" என்று சார்ட்டின் மேலேயே ஒவ்வொரு ஷிஃப்டும் எழுதத் தொடங்கினோம். அதன்பிறகு மெமோ வந்ததில்லை. உங்கள் இடத்தில் என்ன ஆகும் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

குழந்தை வார்டு:

குழந்தைகளுக்கு முழு நிமிடம் கட்டாயம். குழந்தை மூச்சு விட்டு விட்டு ஓடும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகத்தான் வரும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டால் வேகமூச்சு. அழும்போது எண்ணாதீர்கள். அம்மா மடியில் இருக்கட்டும், சட்டையைத் தூக்கிவிட்டுத் தூரத்திலிருந்து எண்ணுங்கள். கீழ் விலா உள்ளே குழிந்தால், முனகல் இருந்தால், தலை ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடினால் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மூச்சு உள்ளே போகும்போது கரகரவென்ற சத்தம், எச்சில் வழிதல், கழுத்தை முன்னே நீட்டி உட்கார்ந்திருத்தல். இந்தக் குழந்தையின் வாயைத் திறந்து ஸ்பேட்டுலா வைத்துப் பார்க்காதீர்கள், அழவைக்கவும் கூடாது. பாதை முழுதாக அடைபடலாம்.

விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீர் இருமல், அப்புறம் ஒரு பக்கம் மட்டும் வீசிங் என்றால் நிலக்கடலையா, புளியங்கொட்டையா என்று கேளுங்கள். இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். இருமல் நின்று சத்தமே இல்லாமல் போனால் முதுகில் ஐந்து தட்டு. அப்புறம் ஒரு வயதுக்குக் கீழே என்றால் நெஞ்சில் ஐந்து அழுத்தம், மேலே என்றால் வயிற்றில். வாயில் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

முன்னாள் 108:

ஆம்புலன்ஸில் இருந்தவன் என்பதால் ஷிஃப்டிங் பற்றி. வார்டிலிருந்து சிடி ஸ்கேனுக்குப் போகும் வழியில் சிலிண்டர் தீர்ந்த கதை எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. கணக்கு எளிது. பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் ஏறக்குறைய 1500 லிட்டர். 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம். முள் பாதியில் இருந்தால் 75. லிஃப்ட் காத்திருப்பு, ஸ்கேன் வரிசை எல்லாம் சேர்த்து ஆகும் நேரத்துக்கு இரண்டு மடங்கு சிலிண்டரில் இருந்தால்தான் கிளம்புவேன். சிலிண்டர் சாவி ட்ராலியிலேயே கட்டியிருக்க வேண்டும். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக் நோயாளியின் தலைமாட்டில் இருக்க வேண்டும், "அங்கே இருக்கும்" என்று போகக் கூடாது.

அம்பு பேக்கைப் பற்றி ஒன்று. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது வென்டிலேட்டர் போதாமல், பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் சொன்னபடி மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு ராத்திரி பகலாகக் கையால் பையை அழுத்தியே நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். அதே டென்மார்க்கில்தான் சில வருடம் கழித்து, 1956இல், அழுத்தினால் தானாக விரியும் அம்பு பேக் வந்தது. அந்த மாணவர்களை நினைத்துக்கொண்டுதான் நான் பேக் பிடிப்பேன். பதற்றத்தில் எல்லோரும் வேகமாக அழுத்துகிறோம். பெரியவருக்கு ஆறு விநாடிக்கு ஒன்று, நெஞ்சு மேலே எழும்பும் அளவுக்கு மட்டும். ஆஸ்துமா, சிஓபிடி என்றால் இன்னும் மெதுவாக. உள்ளே போன காற்று வெளியே வர நேரம் கொடுக்காவிட்டால் நெஞ்சு உப்பி பிபி விழுந்துவிடும். அப்படி விழுந்தால் பேக்கைக் கழற்றி ஒரு சில விநாடி மூச்சை வெளியே விடவிட்டுப் பாருங்கள். டியூப் போட்டவருக்குத் திடீரென்று சாச்சுரேஷன் இறங்கினால் டியூப் நகர்ந்ததா, அடைத்ததா, நெஞ்சில் காற்று கோத்ததா, கருவியில் கோளாறா என்று இந்த நான்கையும் பாருங்கள்.

இரண்டாம் வருட மாணவி:

அக்கா, இன்னொரு சந்தேகம். டாக்டரைப் போனில் கூப்பிட்டால் "சரி வரேன்" என்று சொல்லிவிட்டு வரவே நேரமாகிறது. எப்படிச் சொன்னால் உடனே வருவார்கள்?

செவ்வந்தி:

"14வது பெட் பேஷண்டுக்கு மூச்சு வாங்குது டாக்டர்" என்றால் அவர் காதில் எதுவும் விழாது. அவருக்கு அன்றிரவு பத்து போன் அப்படித்தான் வந்திருக்கும். நான் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டர், மெடிக்கல் வார்டு, 14வது பெட். மூச்சு 36, முழு நிமிடம் எண்ணினது. ஆறு லிட்டர் மாஸ்கில் சாச்சுரேஷன் 95. நாடி 118, பிபி 130க்கு 80, காய்ச்சல் இல்லை. மூணு வார்த்தைக்கு மேல பேச முடியலை. இடது பக்கம் கீழே காத்துச் சத்தமே இல்லை. காலையிலிருந்து மோசமாகிட்டு வருதுன்னு மகள் சொல்றாங்க. இப்பவே வந்து பாருங்க. நீங்க வர்றதுக்குள்ள போர்ட்டபிள் எக்ஸ்ரேக்குச் சொல்லட்டுமா?"

ஆறு நிமிடத்தில் வந்தார். போனை எடுப்பதற்கு முன் எண்கள் எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கட்டும். கடைசியில் என்ன வேண்டும் என்று நேராகக் கேள். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடு, கூப்பிட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுது.

ஐசியூ பிரதர்:

சிஸ்டர், அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

செவ்வந்தி:

இடது நுரையீரலைச் சுற்றி நீர். எக்ஸ்ரேயில் இடது பக்கம் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது. மறுநாள் காலை நீர் எடுத்தார்கள், நானும் கூட இருந்தேன். சாப்பாட்டு மேசையில் தலையணை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் மடக்கிக் கவிழ்ந்து உட்கார வைத்தோம். ஊசி உள்ளே இருக்கும்போது இருமக் கூடாது, அசையக் கூடாது என்று முன்பே சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டேன். வைக்கோல் நிறத்தில் 1200 மில்லி வந்தது. ஒரே தடவையில் 1500க்கு மேல் எடுப்பதில்லை. 1200இல் அவருக்கு இருமல் தொடங்கியது, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்றார். சொன்னதும் டாக்டர் நிறுத்திவிட்டார். நுரையீரல் சட்டென்று விரியும்போது வரும் அறிகுறி அது. அங்கே நிறுத்தாவிட்டால் நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணினேன். 30, 28, 26, 24. ஆக்சிஜனை மூக்குக் குழாய்க்கு மாற்றி 2 லிட்டரில் வைத்தோம். நீர் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. டிபியா என்று பார்க்கிறார்கள்.

இரண்டாம் வருட மாணவி:

எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் சரி. இறங்கிவிட்டுத் திரும்ப ஏறினால் என்ன நினைக்க வேண்டும் அக்கா? நாளைக்கு எங்கள் வார்டில் ஒருவருக்கு நீர் எடுக்கப்போகிறார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

செவ்வந்தி:

நல்ல கேள்வி. திரும்ப ஏறினால், ஊசி பட்டு நெஞ்சுக்கூட்டில் காற்று நுழைந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்டெத் வைத்துக் கேள், எடுத்த பக்கம் சத்தம் குறைந்திருக்கிறதா, ஒரு பக்க நெஞ்சு மட்டும் ஏறாமல் நிற்கிறதா என்று. பிபியும் பார். பிபி விழுந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு ஏறினால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காதே, டாக்டரை அப்போதே கட்டிலுக்குக் கூப்பிடு. நெஞ்சில் குழாய் போடும் ஐசிடி தட்டு எங்கே இருக்கிறது என்று இன்றே போய்ப் பார்த்து வைத்துக்கொள். எடுப்பதற்கு முன் ஒரு தடவை எண்ணி எழுதிவிடு, அது இல்லாமல் பின்னால் எதோடு ஒப்பிடுவாய்? விநாடி முள் இருக்கும் வாட்ச் கட்டிக்கொண்டு போம்மா.